ஒரு மேசை, நான்கு நாற்காலி: தில்லித் தமிழ் அமைப்புகளின் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

தில்லியில் இயங்கும் தமிழ்ச் சங்கங்கள், தமிழ்ப் பள்ளிகள், கோயில் சபைகள், பகுதி மன்றங்கள் ஆகியவற்றின் மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

கல்லூரியில் அறிவியல் படிக்க விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகளுக்கு உதவ உங்கள் மண்டபத்தில் ஒரு மேசை கேட்டு எழுதுகிறேன். சென்ற ஆடி மாதம் எங்கள் தெருவில் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு குடும்பம். அப்பா வாடகைக் கார் ஓட்டுகிறார், அம்மா ஓர் அலுவலகக் கேண்டீனில் சமைக்கிறார். மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து க்யூட் என்ற கல்லூரி நுழைவுத் தேர்வும் எழுதியிருந்தான். மதிப்பெண் வந்த அன்று சாயங்காலம் ஓடி வந்து, "மாமா, இதுக்கு பிஸிக்ஸ் கிடைக்குமா?" என்று கேட்டான். பார்த்தேன். "நிச்சயம் கிடைக்கும், போய் அம்மாகிட்ட சொல்லு" என்றேன். சில நாள் கழித்து அவர்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். வத்திராயிருப்புப் பக்கம் சொந்த ஊர். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறுவது அவர்கள் வீட்டில் தாத்தா காலத்து வழக்கம்.

திரும்பி வந்த இரவே பையன் போனை நீட்டியபடி எங்கள் வாசலில் நின்றான். தெற்கு தில்லியில் ஒரு நல்ல கல்லூரியில் பி.எஸ்சி. ஆனர்ஸ் இயற்பியல் ஒதுக்கியிருந்தார்கள். "அக்செப்ட்" என்ற பொத்தானை அழுத்துவதற்கான கெடு முடிந்து சில நாள் ஆகியிருந்தது. விண்ணப்பத்தை நிரப்பியது மார்க்கெட்டில் உள்ள ஒரு சைபர் கஃபே. மின்னஞ்சல் முகவரியை உண்டாக்கியதும் அவர்களே. கடவுச்சொல் எழுதிய துண்டுச் சீட்டு இங்கே தில்லி வீட்டில் அம்மன் படத்துக்குப் பின்னால் செருகியிருந்தது. ஒதுக்கீடு வந்த செய்தி அந்த மின்னஞ்சலில் யாரும் திறக்காமல் கிடந்தது.

ஒதுக்கிய இடத்துக்குப் பதில் சொல்லாமல் இருந்தால் வேண்டாம் என்று சொன்னதாகவே எடுத்துக்கொள்வார்கள். அடுத்து வரும் சுற்றுகளுக்கும் பெயர் போகாது. விதி அப்படித்தான் எழுதியிருக்கிறது, முன்கூட்டியே வெளியிட்டும் இருக்கிறார்கள். அவனுக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. நானும் சொல்லவில்லை. ஊருக்குப் போகிறார்கள் என்று தெரிந்தும், "எந்தத் தேதியில் லிஸ்ட் வருது, பாத்துக்கோ" என்ற ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. அது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. இந்த மடலை எழுத உட்கார்ந்ததற்கு அந்த உறுத்தலும் ஒரு காரணம்.

அவன் இப்போது தில்லி பல்கலைக்கழகத்தின் திறந்தநிலைக் கல்விப் பள்ளியில் பி.ஏ. படிக்கிறான். அங்கே பி.எஸ்சி. கிடையாது. பெண்களுக்காக வார இறுதியில் வகுப்பு நடத்தும் நான்-காலேஜியேட் வாரியத்திலும் பி.ஏ., பி.காம். மட்டும்தான். வரலாறோ வணிகவியலோ படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு வழக்கமான கல்லூரி தவறினாலும் அதே பல்கலைக்கழகத்தில் இன்னொரு கதவு உண்டு. அறிவியல் பிள்ளைக்கு அந்தக் கதவு இல்லை, ஏனென்றால் அவனுக்கு லேப் வேண்டும். அதனால்தான் மற்ற பாடங்களை விட்டுவிட்டு அறிவியலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நான் யார் என்று சொல்ல வேண்டும். தில்லி பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றின் இயற்பியல் லேபில் 24 ஆண்டுகளாக உதவியாளராக இருக்கிறேன். காலையில் கதவைத் திறந்து, சோடியம் விளக்குகளைப் போட்டுச் சூடேற்றி, ஸ்டாப் வாட்ச்களை எண்ணி வைத்து, சாயங்காலம் மறுபடி எண்ணிப் பூட்டுவது என் வேலை. சேர்க்கைக் காலத்தில் ஆவணம் சரிபார்க்கும் குழுவுக்கு உதவியாக என்னையும் உட்கார வைப்பார்கள். எனவே ஜூலையில் பிள்ளைகளின் காகிதங்களைப் பார்க்கிறேன், ஆகஸ்டிலிருந்து அதே பிள்ளைகளின் கைகளைப் பார்க்கிறேன். நம் பிள்ளைகளிடம் மதிப்பெண் இருக்கிறது. விண்ணப்பத்தைச் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் ஆள் இல்லை. இதை ஒவ்வோர் ஆண்டும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

2021 வரை கட்-ஆஃப் என்று ஒன்று இருந்தது. அந்த வருடம் சில கல்லூரிகளில் சில பாடங்களுக்கு 100 சதவீதமே கேட்டார்கள். அது கொடுமைதான், ஆனால் எல்லோருக்கும் புரிகிற கொடுமை. பட்டியல் பேப்பரில் வரும். அப்பா தன் பிள்ளையின் மார்க்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, கிடைக்கும் கிடைக்காது என்று சொல்லிவிடுவார். 2022-இல் க்யூட் வந்தது. தேசியத் தேர்வு முகமை நடத்தும் நுழைவுத் தேர்வு ஒரு படி. அது முடிந்ததும் பல்கலைக்கழகத்தின் சிஎஸ்ஏஎஸ் என்ற சேர்க்கைத் தளத்தில் தனியாகப் பதிவு செய்வது இரண்டாவது படி. எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்று வரிசை கொடுப்பது மூன்றாவது. ஒதுக்கியதை ஏற்பது, கல்லூரி கேட்கும் விளக்கத்துக்குப் பதில் சொல்வது, பணம் கட்டுவது என்று அதற்கப்புறமும் நீள்கிறது. க்யூட் எழுதிவிட்டால் இடம் தானாக வரும் என்று நம்பி, சிஎஸ்ஏஎஸ்ஸில் பதிவே செய்யாமல் இருந்த குடும்பங்கள் உண்டு. பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கும் ஓபிசிக்கும் 250 ரூபாய், எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு 100 ரூபாய். பணம் இவர்களைத் தடுக்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

சிக்கல் தொடங்குவது க்யூட் விண்ணப்பத்தில் பாடம் தேர்ந்தெடுக்கும் பக்கத்தில். பன்னிரண்டாம் வகுப்பில் படித்த பாடங்களையே அங்கேயும் எழுத வேண்டும். இயற்பியல் ஆனர்ஸுக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் வேண்டும், கூடவே ஒரு மொழித்தாளும் வேண்டும். ஜேஇஇக்குத் தயார் செய்துகொண்டிருக்கும் பிள்ளை மூன்று பாடத்தைப் போட்டுவிட்டு, "இங்கிலீஷ் எதுக்கு, அதுதான் போர்டுல எழுதியாச்சே" என்று மொழியை விட்டுவிடுகிறான். மொழித்தாள் இல்லையென்றால் மற்ற மூன்றில் எவ்வளவு வாங்கினாலும் பி.எஸ்சி. ஆனர்ஸுக்கு அவன் பெயர் வராது. இன்னொன்று, கணிதம் இல்லாமல் உயிரியல் எடுத்துப் படித்த பெண்கள். நீட் சரியாக வரவில்லை, வேதியியல் ஆனர்ஸ் படிக்கலாம் என்று வருகிறார்கள். தில்லி பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆனர்ஸுக்குக் கணிதம் கட்டாயம். தாவரவியல், விலங்கியல், லைஃப் சயன்ஸ் ஆகியவற்றுக்குப் போகலாம். இதைப் பதினொன்றாம் வகுப்பில் பாடப்பிரிவு எடுக்கும்போதே யாராவது சொல்லியிருந்தால் சிலர் கணிதத்தையும் கூடுதல் பாடமாக எடுத்திருப்பார்கள். தமிழ்ப் பள்ளிகளின் நிர்வாகிகள் இந்த ஒரு வரியைப் பத்தாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது பெயர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் சிக்கல் இந்த ஊரில் நமக்குத்தான் அதிகம். ஒரு பிள்ளையின் பள்ளிச் சான்றிதழில் "கார்த்திக் எம்". ஆதாரில் "கார்த்திக் முருகன்". ஊரில் வாங்கிய சாதிச் சான்றிதழில் "மு. கார்த்திக்". அப்பாவின் பெயர் ஓரிடத்தில் "முருகன்", இன்னோரிடத்தில் "முருகன் பெருமாள்". நமக்கு இதெல்லாம் ஒரே ஆள். சரிபார்க்க உட்கார்ந்திருப்பவர் ஹரியானாக்காரராகவோ பீகார்க்காரராகவோ இருப்பார், அவருக்கு இவர்கள் மூன்று ஆட்கள். ஒரு முறை ஒரு தாயிடம், "சர்நேம் க்யா ஹை?", அதாவது குடும்பப் பெயர் என்ன, என்று கேட்டார் என் பக்கத்தில் இருந்தவர். அந்த அம்மா, "எங்களுக்கு அப்படி ஒண்ணு கிடையாதுங்க, அப்பா பேரோட முதல் எழுத்துதான்" என்று என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார். சொல்லும்போது தப்பு செய்துவிட்டவர்போல முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார். அவரிடம் ஒரு தப்பும் இல்லை. நான் இந்தியில் எடுத்துச் சொன்னேன், அவரும் புரிந்துகொண்டார், கெட்டவர் இல்லை. ஆனால் இப்போது சரிபார்ப்பு பெரும்பாலும் திரையில் நடக்கிறது. எதிரில் தாய் இல்லை, பக்கத்தில் நான் இருப்பதும் உறுதியில்லை. கல்லூரி இணையத்தில் ஒரு கேள்வி அனுப்பும், குறித்த நேரத்துக்குள் பதில் போக வேண்டும். இனிஷியலை விரித்து எழுதுவதா வேண்டாமா என்பதை ஒன்பதாம் வகுப்பில் பெயர் பதியும்போதே முடிவு செய்து, ஆதாரையும் அதோடு ஒத்துப்போகும்படி திருத்திவிட்டால் இந்தத் தலைவலி பிறக்காது.

சாதிச் சான்றிதழ் அதைவிடப் பெரிய விஷயம். மத்தியப் பல்கலைக்கழகத்தில் எஸ்சிக்கு 15, எஸ்டிக்கு 7.5, ஓபிசிக்கு 27 சதவீதம், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவுக்கு 10 சதவீதம். ஊரில் தாசில்தார் கொடுத்த நிரந்தரச் சான்றிதழில் பிற்படுத்தப்பட்டோர் என்றோ மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்றோ இருக்கும். அதை லேமினேட் செய்து பத்திரமாக வைத்திருப்பார்கள். இங்கே அது செல்லாது. மத்திய அரசின் ஓபிசி பட்டியலில் அந்தச் சாதி இருக்க வேண்டும், மத்திய அரசுப் படிவத்தில் தனியாக வாங்க வேண்டும், வசதி படைத்தோர் பிரிவான கிரீமி லேயரில் வரவில்லை என்றும் அதில் இருக்க வேண்டும், நடப்பு நிதியாண்டில் வாங்கியதாகவும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்தும் மத்தியப் பட்டியலில் இல்லாத சாதிகளும் உண்டு, அதையும் முன்பே பார்த்துவிட வேண்டும். ஏப்ரலில் ஊருக்குப் போகிறவர்கள் இ-சேவை மையத்தில் அப்போதே விண்ணப்பித்துவிட்டால் ஜூலைக்கு நிம்மதி. ஜூலையில் இடம் ஒதுக்கிய பிறகு ஓடினால் வண்டி டிக்கெட்டுகூடக் கிடைக்காது. பெற்றோர் பெயரில் உள்ள சான்றிதழைக் கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். பிள்ளையின் பெயரில்தான் வேண்டும்.

மூன்றாவது, விருப்ப வரிசை. இதில் நடக்கும் தவறைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. "கிடைக்கிறதை முதல்ல போடு, பெரிய காலேஜை அப்புறம் போடு" என்று சைபர் கஃபேக்காரர் சொல்லிவிடுகிறார். நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் கணினி நாம் கொடுத்த வரிசையில் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வரும். நம் மதிப்பெண்ணுக்கு எங்கே முதலில் இடம் இருக்கிறதோ அங்கே நின்றுவிடும். எட்டாத கல்லூரியை மேலே போடுவதால் ஒரு நஷ்டமும் இல்லை, அது இல்லையென்றால் அடுத்ததற்குப் போய்விடும். எளிதில் கிடைப்பதை முதலில் போட்டால் முதல் சுற்றிலேயே அது கிடைத்துவிடும், முதல் விருப்பத்துக்கு மேலே மாற்றிக் கேட்க ஒன்றும் இருக்காது. ஹிந்து, மிராண்டா ஹவுஸ் போன்ற பேர்பெற்ற கல்லூரிகள் எல்லாம் எட்டும் மதிப்பெண் வைத்திருந்தும் ஏழாவது எட்டாவது இடத்தில் அவற்றை எழுதிய பெண்ணின் படிவத்தை நான் பார்த்திருக்கிறேன். ஏற்ற பிறகு வரிசையில் அதற்கு மேலே உள்ள இடத்துக்கு "அப்கிரேடு" கேட்கலாம் என்பதும், அப்கிரேடு ஆனால் பழைய இடம் தானாகப் போய்விடும் என்பதும், இருக்கும் இடமே போதும் என்றால் "ஃப்ரீஸ்" செய்ய வேண்டும் என்பதும் பத்து நிமிடத்தில் சொல்லித் தரக்கூடிய விஷயம்.

பேர்பெற்ற நான்கைந்து கல்லூரிகளுக்கு வெளியே பெற்றோருக்கு ஒன்றும் தெரியாததும் ஒரு குறை. தௌலா குவானில் வெங்கடேஸ்வரா கல்லூரி திருப்பதி தேவஸ்தானம் நடத்துவது என்பதால் நம்மவர்களுக்குத் தெரியும், ஆர்.கே.புரத்திலிருந்து பக்கம். ஆனால் துவாரகாவில் தீனதயாள் உபாத்யாயா கல்லூரி இருக்கிறது, கோவிந்தபுரியில் ஆச்சார்ய நரேந்திர தேவ் கல்லூரி இருக்கிறது. இரண்டிலும் அறிவியல் படிப்பு உண்டு. ஜனக்புரி, துவாரகா வீடுகளிலிருந்து பெண்ணைத் தினமும் வடக்கு வளாகம் வரை அனுப்பத் தயங்கும் அப்பா, "வேண்டாம், பக்கத்திலேயே பி.காம். படி" என்று சொல்வதற்கு முன்னால் இந்தப் பெயர்களைத் தெரிந்துகொண்டால் போதும், அவள் அறிவியலை விட வேண்டியிருக்காது.

சரி, நான் கேட்பது என்ன? ஒரு மேசை. அதைச் சுற்றி நான்கு நாற்காலி, ஒரு மடிக்கணினி, ஸ்கேன் செய்யவும் அச்செடுக்கவும் ஒரு பிரிண்டர். ஞாயிற்றுக்கிழமை காலை பத்திலிருந்து ஒரு மணி வரை. பொங்கல் விழாவில் தொடங்குங்கள். அன்றைக்குத்தான் எல்லாக் குடும்பமும் பிள்ளைகளோடு வரும், க்யூட் விண்ணப்பமும் பெரும்பாலும் ஆண்டின் முதல் சில மாதங்களில்தான் திறக்கும். தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. 2022-இல் க்யூட் முடிவே செப்டம்பரில்தான் வந்தது, நவம்பரில் வகுப்பு தொடங்கியது. 2025-இல் ஜூலை 4 முடிவு, ஆகஸ்ட் 1 வகுப்பு. இப்படி மாறுவதால்தான் போன வருடம் அண்ணன் சொன்னதைக் கேட்டுத் தம்பி ஏமாறுகிறான். அந்தந்த வாரத் தேதியை ஒரு பலகையில் எழுதி வைக்கவும் அந்த மேசை வேண்டும்.

உட்கார ஆள் இருக்கிறார்கள். மத்திய அரசு அலுவலகங்களில் முப்பது முப்பத்தைந்து ஆண்டு கோப்பு பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் நம் சமூகத்தில் எத்தனை பேர்! ஒரு படிவத்தைக் கையில் கொடுத்தால் எந்தக் கட்டத்தில் பிழை என்று கண்ணாலேயே பிடித்துவிடுவார்கள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு படிக்கும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். சென்ற வருடம் தாங்கள் பட்ட பாடு அவர்களுக்குப் பசுமையாக நினைவிருக்கும். ஒரு பெரியவர், ஒரு மாணவர் என்று ஜோடியாக உட்கார்ந்தால் வேறு என்ன வேண்டும்? தலைநகருக்கு வேலைக்கு வந்த தமிழர்கள் தங்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி இன்று பல பள்ளிகளாக நிற்கிறது. 1946-இல் தொடங்கிய தமிழ்ச் சங்கத்துக்கு ஆர்.கே.புரத்தில் சொந்தக் கட்டடம் இருக்கிறது. மலை மந்திர் முருகன் கோயிலில் விசேஷ நாட்களில் எவ்வளவு கூட்டம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. இடமும் ஆளும் கூட்டமும் ஏற்கெனவே இருக்கின்றன.

ஒரு மேசையை நகரின் வடக்கு ஓரத்தில் உள்ள நரேலாவிலும் போட வேண்டும். ஜங்புராவில் இருந்த மதராஸி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதி 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகள். அவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானவர்களுக்கு நரேலாவில் மாற்று வீடு என்றார்கள், மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. தலைமுறை தலைமுறையாகத் தில்லி வீடுகளில் சமைத்து, பெருக்கி, துடைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் அவை. க்யூட் எழுதிய பிள்ளைகள் முடிவுக்குக் காத்திருந்த ஜூன் மாதம் அது. நரேலாவிலிருந்து ஆர்.கே.புரத்துக்கு வந்து போக ஒரு நாள் கூலி போய்விடும். மேசைதான் அங்கே போக வேண்டும்.

இடம் கிடைத்ததோடு மேசையை மடக்கிவிட வேண்டாம். முதல் செமஸ்டர்தான் பிள்ளைகளை உடைக்கிறது. இயற்பியல் ஆனர்ஸில் முதல் செமஸ்டரிலேயே கணித இயற்பியல், இயக்கவியல், அலைகளும் அலைவுகளும் என்று மூன்று முக்கியப் பாடங்கள். கணித இயற்பியலின் லேப் என்பது கணினி. பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுத வேண்டும். வீட்டில் ஒரே ஒரு போன் மட்டும் உள்ள பிள்ளைகள் கீபோர்டில் அடைப்புக்குறி எங்கே என்று தேடிக்கொண்டிருக்கும்போது, பக்கத்துப் பிள்ளை வரைபடமே போட்டு முடித்திருப்பான். மேசையில் இருக்கும் மடிக்கணினி செப்டம்பரில் சும்மா இருக்குமே, அதில் வாரம் மூன்று மணி நேரம் பழகினால் போதும், பயம் போய்விடும்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். தமிழ்ப் பெண், முதல் ஆண்டு. பார் பெண்டுலம் சோதனை. ஒரு மீட்டர் இரும்புப் பட்டையில் வரிசையாகத் துளைகள் இருக்கும், ஒவ்வொரு துளையிலும் தொங்கவிட்டு 20 அலைவுக்கு எத்தனை நொடி என்று பார்க்க வேண்டும். ஓரத்துத் துளையில் 32 நொடியை ஒட்டி வரும். அவள் அதே துளைக்கு மூன்று முறை எடுத்த அளவும் 32.0, 32.0, 32.0 என்று எழுதியிருந்தாள். நான் அவள் பக்கத்தில் நின்று பார்த்திருந்தேன். ஸ்டாப் வாட்ச் காட்டியது 32.1, 31.8, 32.2. "ஏம்மா மாத்தி எழுதின?" என்று கேட்டேன். "வேற வேற வந்தா தப்புன்னு மார்க் குறைச்சிடுவாங்க சார்" என்றாள். பன்னிரண்டு வருடம் அவளுக்கு அப்படித்தான் சொல்லித் தந்திருக்கிறார்கள்: விடை புத்தகத்தில் இருக்கிறது, நீ அதற்கு வந்து சேர வேண்டும். "உன் கண்ணு பார்த்ததை எழுது. மூணும் வேற வேறயா இருந்தாத்தான் நீ நிஜமாவே அளந்திருக்கேன்னு அர்த்தம்" என்று சொன்னேன். அழித்துவிட்டு எழுதினாள். பிழையைக் கணக்கிடுவது எப்படி என்று ஆசிரியர் சொன்னபோது அன்றைக்கு அவளுக்குத்தான் முதலில் புரிந்தது. இப்போது மூன்றாம் ஆண்டில் இருக்கிறாள். புதிதாக வருகிறவர்களிடம் அந்த மூன்று எண்களைப் பற்றி அவளே சொல்கிறாள். அவளைப் போன்ற ஒருத்தி அந்த மேசையில் உட்கார்ந்திருந்தால் எவ்வளவு பேருக்குத் தைரியம் வரும்!

படிப்பு இப்போது நான்கு ஆண்டு என்பதும் வீடுகளில் குழப்பமாக இருக்கிறது. 2022-இல் சேர்ந்தவர்களிலிருந்து இந்த முறை. படிக்கும் பாடத்தின் அளவைக் கிரெடிட் என்று கணக்கிடுகிறார்கள், செமஸ்டருக்கு 22 கிரெடிட். மூன்று ஆண்டில் 132 கிரெடிட் முடித்தால் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியேறலாம், நான்கு ஆண்டும் முடித்தால் 176. நான்காம் ஆண்டு முடித்து 75 சதவீதம் வைத்திருப்பவர் எம்.எஸ்சி. படிக்காமலே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதி சொல்கிறது. ஓர் ஆண்டில் நின்றாலும் ஒரு சான்றிதழ் தருகிறார்கள். பெற்றோருக்கு என் வேண்டுகோள்: அந்த ஓராண்டுச் சான்றிதழை நம்பிப் பிள்ளையை நிறுத்திவிடாதீர்கள். அதை வைத்து வேலை வாங்கிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

உதவித்தொகை பற்றிச் சுருக்கமாக. பன்னிரண்டாம் வகுப்பில் தங்கள் வாரியத்தின் முதல் 20 சதவீதத்துக்குள் வந்து, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்கு மிகாதவர்களுக்கு மத்திய அரசு இளநிலைப் படிப்பில் ஆண்டுக்கு 12,000 ரூபாய் தருகிறது. முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு இன்ஸ்பயர் திட்டத்தில் ஆண்டுக்கு 80,000 ரூபாய். இது என்ஜினீயரிங்குக்குக் கிடையாது, பி.எஸ்சி. படிக்கிற பிள்ளைக்குத்தான். இரண்டுக்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும், தேதி தவறினால் போயிற்று. மறுபடியும் அந்த மேசைதான்.

"பி.எஸ்சி.யா? ஏன், என்ஜினீயரிங் கிடைக்கலையா?" என்று கேட்கும் பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை. பூசா ரோட்டில் நம் தமிழ்ப் பள்ளி ஒன்று இருக்கிறது. அதே வட்டாரத்தில் டாக்டர் கே.எஸ்.கிருஷ்ணன் மார்க் என்று ஒரு சாலை. அதில்தான் தேசிய இயற்பியல் ஆய்வகம் இருக்கிறது. இந்தியாவின் கிலோகிராமும் இந்திய நேரமும் அங்கேதான் காக்கப்படுகின்றன. அதன் முதல் இயக்குநர் கிருஷ்ணன், வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் படித்தார், பிறகு அதே கிறித்தவக் கல்லூரியின் வேதியியல் லேபில் டெமான்ஸ்ட்ரேட்டராக வேலை பார்த்தார். கல்கத்தாவில் ராமனோடு சேர்ந்து 1928-இல் ராமன் விளைவைக் கண்ட சோதனைகளைச் செய்தவர் அவர்தான். 1961-இல் இறக்கும்வரை தில்லியில் அந்த ஆய்வகத்தை நடத்தினார். அந்தச் சாலை வழியாகப் பேருந்தில் போகும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும், ஒரு லேப்காரன் என்ற உரிமையில். நான் தொடக்கத்தில் சொன்ன பையனின் ஊரும் வத்திராயிருப்புப் பக்கம்தான். அவனுக்கு இந்தச் சாலையைக் காட்டியிருக்கிறேன்.

அவன் மறுபடி க்யூட் எழுதப்போகிறான். இந்த முறை மின்னஞ்சல் அவன் பெயரில், கடவுச்சொல் அவனுக்கே மனப்பாடம். போன முறை போலவே மொழித்தாளும் சேர்த்து நான்கு பாடம். தன்னைப் போல இன்னொருத்தன் மாட்டக்கூடாது என்று, மேசை போட்டால் தானும் வந்து உட்கார்வதாகச் சொல்கிறான். அவனுக்கு ஒரு நாற்காலி, எனக்கு ஒரு நாற்காலி. மூன்றாம் ஆண்டில் இருக்கும் அந்தப் பெண்ணும் வருகிறேன் என்றிருக்கிறாள். நான்காவது நாற்காலிக்கு உங்களில் ஒரு பெரியவர் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை, பத்து மணிக்கு முன்பே வந்துவிடுவேன். எந்த மண்டபம், எந்தத் தேதி என்று சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு கல்லூரியின் இயற்பியல் லேப் உதவியாளர்,
தில்லி